வேறு சாந்து

போன மாதம் மகளோடு நகரத்துக்குள் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு அங்கே பார்க்க வேண்டியவை ஏதோ ஜப்பானிய ஓவியங்கள். எனக்கு வேண்டியது உட்கார ஓர் இடம். அதைத் தேடிப் போனபோதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் செங்கல் கண்ணில் பட்டது. பாபிலோன் பக்கத்துச் செங்கல். சதுரமாக, ஒரு பெரிய பாண் தட்டு அளவில் இருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. குனிந்து பார்த்தேன். நிலக்கீல். தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கல்லையும் கல்லையும் ஒட்ட அந்தக் காலத்தில் அவர்கள் பூசிய சாந்து. அந்தக் கறுப்பின்மேல் ஒரு நாணற்பாயின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. பாயை யாரோ விரித்திருக்கிறார்கள், அதன்மேல் அடுத்த வரிசைக் கல்லை வைத்திருக்கிறார்கள். பாய் எப்போதோ மக்கிப் போய்விட்டது. பின்னல் மட்டும் நிற்கிறது.

நான் கண்ணாடியில் மூக்கு முட்ட நிற்பதைப் பார்த்து மகள் வந்தாள்.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பிரிக்."

"ஓம், பிரிக்தான். அந்தக் கறுப்பைப் பார்."

"அதுக்கு என்ன?"

அதற்கு என்னவென்று சொல்ல வேண்டுமானால் மிச்சத்தில் நாங்கள் இருந்த கீழ்வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கதையின் நாயகி இவள்தான். ஆனால் இவளுக்கு அதில் ஒரு துளியும் நினைவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இடையில் ஃபோனைப் பார்க்க மாட்டீர்கள்.

மிச்சம் என்பது தெற்கு லண்டனில் ஓர் இடம். நாங்கள் வந்த புதிதில், "மிச்சத்திலை ஒரு வீடு இருக்கு" என்று யாரோ சொன்னபோது, மற்றவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு கழிந்து கிடக்கும் வீடு என்றுதான் நான் நினைத்தேன். போய்ப் பார்த்தபோது அந்த நினைப்பு முழுப் பிழையும் இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய செங்கல் வீடுகளில் ஒன்று. வீட்டுக்காரர் தாசண்ணை. ஜெர்மனியில் பல வருடங்கள் கட்டட வேலை செய்துவிட்டு இங்கே வந்து, அந்த வீட்டை வாங்கி, தானே திருத்தியிருந்தார். மேலே அவரும் அவருடைய மனைவி ரீத்தா அக்காவும். கீழே நானும் என் கணவரும் ஒன்றரை வயது மகளும். என் கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. நான் காலையில் மூலைக்கடை ஒன்றில் நின்றேன்.

வீட்டைக் காட்டிய அன்றைக்குத் தாசண்ணை சுவரில் முட்டியால் தட்டிக் காட்டினார். "எல்லாம் நான் பூசினது. முழுச் சீமெந்து. உள்ளையும் வெளியிலையும். ஜெர்மனியிலை நாங்கள் இப்பிடித்தான். இனி நூறு வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்லை."

சுவர் உண்மையிலேயே கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் குளிர்காலத்திலேயே, மகளின் கட்டிலுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாகக் கறுப்பு வந்தது. ப்ளீச் போட்டுத் துடைத்தேன். போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது, இந்த முறை ஓரத்தில் கொஞ்சம் பச்சையும் சேர்த்துக்கொண்டு. அந்த மணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? நனைந்த சாக்கை மடித்து அலமாரிக்குள் வைத்து மறந்துவிட்டால் ஒரு மணம் வருமே, அது. மகளுக்கு இருமல் தொடங்கியது. பிறகு நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம். டொக்டர் வாயில் வைத்து மூச்சிழுக்கும் பம்ப் ஒன்றைத் தந்துவிட்டு, வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று கேட்டார். சுவர் அழுகிறது என்று சொல்ல எனக்கு அப்போது ஆங்கிலம் போதாது. கையால் சுவரை வரைந்து, கண்ணைத் துடைத்துக் காட்டினேன். நான் அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூ தந்தார்.

தாசண்ணையிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் உடுப்பை உள்ளுக்குக் காயப் போடுறியள். சோறு வேற வடிக்கிறியள். அந்த ஆவி எங்கை போறது? ஜன்னலைத் திறந்து விடுங்கோ."

ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கோட்டும் தொப்பியும் போட்டபடி சோறு சாப்பிட்டோம். கறுப்பு போகவில்லை. வேறு வீடு பார்க்கலாம்தான். ஆனால் எங்கள் விசா முடிவு இன்னும் வரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கேள்வி கேட்காமல் வீடு தந்த மனிதர் தாசண்ணை. அவரோடு எப்படி முரண்டுவது?

இனி வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் தமிழருக்கென்று வந்திருந்த குருவானவர் மன்னார்க்காரர். இளமையில் கொஞ்சக் காலம் யெருசலேமில் இருந்து படித்தவர். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வியாழன் மாலைகளில் வேத வகுப்பு வைப்பார். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் உண்டு. ஹீற்றர் நன்றாக வேலை செய்யும். நான் போகத் தொடங்கியதற்கு முதற் காரணம் பக்தியா ஹீற்றரா என்று இன்றைக்கு என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மகளை மடியில் வைத்துக்கொண்டு சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

ஆனால் அந்த வகுப்பு நான் நினைத்த மாதிரி இருக்கவில்லை. ஃபாதருக்கு வேதத்திலே வரும் கல், மண், தண்ணீர், அடுப்பு எல்லாவற்றிலும் ஒரு தீராத பிடிப்பு. வானத்தைத் தொடக் கோபுரம் கட்டப் போனவர்களின் கதை வந்தால், மற்றக் குருமார் ஆணவத்தைப் பற்றிச் சொல்வார்கள். இவரோ, "அவையளின்ரை நாட்டிலை கல்லு இல்லை, கவனிச்சீங்களோ? ஆற்றுச் சேறுதான். அதாலைதான் செங்கல்லைச் சுட்டவை. நிலத்திலையிருந்து நிலக்கீல் தானாய் ஊறி வரும், அதைச் சாந்தாய் எடுத்தவை" என்று கரும்பலகையில் படம் கீறுவார். எகிப்தில் அடிமைகளுக்கு வைக்கோல் கொடுக்காமல் செங்கல் அறுக்கச் சொன்ன இடம் வந்தபோது, வைக்கோல் ஏன் என்று நான் கேட்டேன். வெயிலில் காயும் மண் சுருங்கி வெடிக்கும், வைக்கோல் அதைப் பிடித்து வைத்திருக்கும் என்றார். வைக்கோல் இல்லாமல் அறுக்கச் சொன்னது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை ஏதோ மாட்டுத் தீவனத் தகராறு என்று நினைத்திருந்தேன்.

தாசண்ணையும் வருவார். முன்வரிசை ஆள். நடக்க முடியாதவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கி, கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய கதை வாசித்தபோது, எல்லோரும் உருகிப்போய் இருந்தோம். தாசண்ணை மட்டும் கையை உயர்த்தினார்.

"ஃபாதர், அந்தக் கூரையைப் பிறகு ஆர் திருத்திக் குடுத்தது?"

ஃபாதர் சிரிக்கவில்லை. "எனக்கும் அந்த யோசினை வந்தது, தாசன். அது மண்கூரை. மரக்கொம்பு, நாணல், மேலை மண். தோண்டினால் கீழை இருந்தவையின்ரை தலையெல்லாம் மண் கொட்டியிருக்கும். திருத்த ஒரு நாள் காணும்" என்றார். தாசண்ணைக்கு நிம்மதி. வீட்டுச் சொந்தக்காரரின் மனம் அப்படித்தான் வேலை செய்யும்.

இந்த வகுப்பில்தான் ஒரு வியாழனன்று மோசேயின் சட்டங்களில் வீட்டுக்கு வரும் குஷ்டத்தைப் பற்றிய பகுதி வந்தது. நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. ஒருவனுடைய வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிகள் தோன்றினால் அவன் போய்க் குருவிடம் சொல்ல வேண்டும். குரு வந்து பார்க்க வேண்டும். வீட்டை ஒரு கிழமை பூட்டி வைக்க வேண்டும். திரும்பி வந்து பார்க்கும்போது அது பரவியிருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிய வேண்டும். சுவரைச் சுற்றிவரச் சுரண்ட வேண்டும். வேறு கல் வைத்து, வேறு சாந்து எடுத்துப் பூச வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். அவர் வாசித்தார். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஃபாதர், இது எங்கடை வீடு."

அந்த நேரம் பார்த்து மகள் இருமினாள். எதிரே தாசண்ணை தேத்தண்ணிக்குள் பிஸ்கட்டைத் தோய்த்தபடி இருந்தார். அது நனைந்து முறிந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் கணவர் தலையில் கை வைத்துவிட்டார். "எல்லாரும் இருக்கேக்கை அண்ணையின்ரை வீட்டுக்குக் குஷ்டம் எண்டு சொல்லியிருக்கிறாய். நாளைக்கு எழும்பச் சொன்னால் எங்கை போறது?"

"நான் குஷ்டம் எண்டு சொல்லேல்லை. இது எங்கடை வீடு எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதான்."

அதற்குப் பிறகு சில நாட்கள் தாசண்ணை எங்களைக் கண்டால் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு படியேறுவார். ஞாயிறுகளில் ரீத்தா அக்கா தரும் கறி வரவில்லை. நான் கடையில் நின்றுகொண்டு கணக்குப் போட்டேன்: ஸ்ட்ரெதமில் ஒரு சிநேகிதியின் வீட்டுக் கூடத்தில் படுக்கலாம், ஆனால் பிள்ளையோடு எத்தனை நாள்?

சனிக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. திறந்தால் ஃபாதர். மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட நின்றார்.

"அந்தச் சுவரை நான் ஒருக்காப் பார்க்க ஏலுமோ? எனக்கு அண்டைக்கு வாசிச்ச அந்த அதிகாரம் இவ்வளவு காலமும் சரியாய் விளங்கேல்லை. அதுதான்."

மேலே பார்த்து, "தாசன், நீங்களும் வாங்கோ. எனக்குக் கட்டட வேலை தெரியாது" என்று குரல் கொடுத்தார். அப்படிக் கூப்பிட்டால் தாசண்ணையால் வராமல் இருக்க முடியுமா? இறங்கி வந்தார். பின்னால் ரீத்தா அக்காவும்.

ஃபாதர் மகளின் கட்டிலை இழுத்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு ஏதோ நினைத்தவர்போல எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரு வடிவான விஷயம் இருக்கு. குருவானவர் உள்ளை வாறதுக்கு முன்னம் வீட்டுச் சாமானையெல்லாம் வெளியிலை எடுத்துப்போடு எண்டு சட்டம் சொல்லுது. ஏன் தெரியுமோ? அவர் வந்து தீட்டு எண்டு சொல்லிப்போட்டால் உள்ளை இருக்கிற சட்டி பானையும் பாயும் எல்லாம் தீட்டு. ஏழையின்ரை பாய் தப்பட்டும் எண்டு சட்டம் யோசிச்சிருக்கு."

ரீத்தா அக்காதான் வாயைத் திறந்தாள். அவள் சுவரைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தப் பிள்ளை இருமுறது எனக்கு மேலை கேக்குது. நான் சொன்னனான் இவருக்கு. பிள்ளையின்ரை சாமானை எல்லாம் மேலை கொண்டு வாங்கோ. நீங்களும் வாங்கோ. தாசன், நீங்கள் சுவரை உடையுங்கோ."

"ரீத்தா, அது நல்ல சுவர்."

"உடைச்சுப் பார்த்தால் தெரியும்தானே."

அன்று பின்னேரமே தாசண்ணை உளியும் சுத்தியலும் எடுத்துவந்தார். அடிக்கிற அடியில் அவருடைய கோபம் தெரிந்தது. வழுவழுப்பான சீமெந்து பெரிய பெரிய அப்பளங்களாகக் கழன்று விழுந்தது. உள்ளே செங்கற்கள் குளித்துவிட்டு நிற்பதுபோல நனைந்திருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பழைய சாந்தை அவர் விரலால் தொட்டார். தயிர்போல வந்தது. வெள்ளை வெள்ளையாகச் சின்னக் கட்டிகள். விரல்களுக்கிடையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் கோபம் போய்விட்டது என்பதை நான் கண்டேன். அவருடைய முகம் வகுப்பில் கூரையைப் பற்றிக் கேட்ட முகமாக மாறியிருந்தது.

"இது சீமெந்தில்லை" என்றார். "அப்ப இது என்ன?"

எனக்கோ வேறொரு கேள்வி மண்டையைக் குடைந்தது. சட்டம் ஏன் வேறு கல் என்று மட்டும் சொல்லாமல் வேறு சாந்து என்றும் சொல்கிறது? சாந்திலும் நோய் இருக்க முடியுமா? திங்களன்று கடை முடிந்ததும் நூலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பெண்ணிடம் பழைய 'மோர்ட்டார்' பற்றிப் புத்தகம் வேண்டும் என்றேன். அகராதியில் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு போன சொல். அவள் அன்பாகச் சிரித்து, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஓர் அலமாரியைக் காட்டினாள். எல்லாம் யுத்தப் புத்தகங்கள். எறிகணைகள், பீரங்கிகள். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. என்னுடைய முகத்தைப் பார்த்து, யுத்த நாட்டிலிருந்து வந்தவள் என்று அவள் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சொல்லுக்கு அதுவும் ஒரு பொருள், அவ்வளவுதான். ஊரில் யுத்தக் காலத்தில் எனக்கும் அந்தச் சொல் முதலில் அறிமுகமானது அந்தப் பொருளில்தான். வீடுகளை உடைக்கிற சாமானுக்கும் வீடுகளை ஒட்டுகிற சாமானுக்கும் இவர்கள் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பிப் போய், இரண்டு கைகளையும் செங்கல்லாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டினேன்.

கிடைத்த புத்தகத்தில் படங்கள் நிறைய இருந்தன. இந்த மாதிரிப் பழைய வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு மழையைக் குடிக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் குடித்தது வெளியே வர வழி இல்லாமல் உள்ளேயே நிற்கும். புத்தகத்தைத் தாசண்ணையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"சுண்ணாம்போ? வெத்திலைக்குப் போடுற சாமான். ஜெர்மனியிலை நாங்கள்..." என்று தொடங்கியவர் படங்களைப் பார்த்து நிறுத்தினார். புத்தகத்தோடு வெளியே போய்ப் பின்சுவருக்கு முன்னால் நின்றார். கற்களின் இடுக்கெல்லாம் அவர் கையாலேயே சீமெந்து வைத்து அடைத்த சுவர். நெடுநேரம் கழித்து உள்ளே வந்தார்.

"தங்கச்சி, நான் சுவரின்ரை வாயையும் மூடி மூக்கையும் மூடி விட்டிட்டன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தச் சுவர் அவருக்கு ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. வெளியே அடைத்ததையெல்லாம் கிளறி எடுத்தார். வசந்தம் முழுக்கச் சுவர் அம்மணமாக நின்று காய்ந்தது. நாங்கள் மேலே அவர்களுடைய முன்னறையில் படுத்தோம். ஒரு கிழமை என்று போனது கோடை வரை நீண்டது. சமையல் ஒரே அடுப்பில். குரோய்டனுக்கு அப்பால் ஏதோ ஒரு யார்டிலிருந்து தாசண்ணை சுண்ணாம்பு கொண்டுவந்தார். முதல் பூச்சு வெடித்துக் கொட்டுண்டது. அவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினார். கையெல்லாம் வெந்து போயிருந்தது. ரீத்தா அக்கா எண்ணெய் பூசிவிட்டாள்.

வியாழக்கிழமைகளில் வேத வகுப்பு எங்கள் சுவர் வகுப்பாகிவிட்டது. மண்வீட்டுக்கு மண்தான் சாந்து, தண்ணீர்த் தொட்டிக்கு மட்டும் சுண்ணாம்பு என்றெல்லாம் ஃபாதர் சொல்வார். யெருசலேமில் மழைத் தண்ணீர் பிடிக்கப் பாறைக்குள் வெட்டிய தொட்டிகளைப் பார்த்திருக்கிறார். அவற்றின் பூச்சு சாம்பல் நிறமாக இருக்குமாம், சுண்ணாம்போடு சாம்பலைக் கலந்ததால். அவர் அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார். தாசண்ணையோ மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் பார்பிக்யூச் சாம்பல் கேட்டு வாங்கி, அரித்து, சுண்ணாம்பில் குழைத்து, அலமாரி மறைக்கும் ஒரு மூலையில் பூசிப் பார்த்தார். அந்தத் துண்டுதான் முதலில் இறுகியது. வருகிறவர்களுக்கெல்லாம் அலமாரியை இழுத்து அதைக் காட்டுவார். சாலமோன் ஆலயத்தைக் காட்டுவதுபோல.

கடைசிப் பூச்சு காய்ந்ததும் ஃபாதர் வந்தார். தாசண்ணை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சுவருக்குப் பக்கத்தில் நின்றார். ஃபாதர் உள்ளங்கையை வைத்தார். பல இடங்களில் வைத்தார்.

"நல்லாய் இருக்கு, தாசன்."

"சுத்தம் எண்டு சொல்லுங்கோ ஃபாதர். அப்பிடித்தானே எழுதியிருக்கு."

"சுத்தம்."

சட்டப்படி இனி இரண்டு குருவி வேண்டும், ஒன்றை அறுத்து மற்றதை ஊருக்கு வெளியே பறக்க விட வேண்டும் என்று என் கணவர் நினைவூட்டினார். "டிரஃபால்கர் சதுக்கத்திலை புறா கிடக்கு. ஆனால் பிடிச்சால் பொலிஸ் பிடிக்கும்" என்றார் தாசண்ணை. அவர் எங்களோடு பகிடி விட்டது அந்தச் சுவர் உடைந்த பிறகு அதுதான் முதல் தடவை. ரீத்தா அக்கா கோழிக்கறி வைத்தாள். ஒரு பறவை போதும் என்று ஃபாதர் தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த குளிர்காலத்தில் மகளின் இருமல் முழுதாக நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் நெஞ்சுக்குள் அந்த விசில் வரவில்லை. பம்ப் அலமாரித் தட்டிலேயே தூசி பிடித்துக் கிடந்தது. அந்த அறைக்கும் ஒரு புது மணம் வந்திருந்தது. மழை பெய்து ஓய்ந்த பிறகு கல் மணக்குமே, அப்படி.

பிறகு எங்கள் விசா முடிவு வந்தது. என் கணவருக்கு விமான நிலையத்தில் வேலை கிடைத்து ஹவுன்ஸ்லோவுக்கு மாறினோம். ஃபாதரை மன்னாருக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். போய்ச் சில வருடங்களில் அங்கேயே காலமானார். வியாழன் வகுப்பைத் தொடர ஆள் இல்லை. அந்த அறையில் இப்போது கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தாசண்ணை ஓர் ஈஸ்டர் காலையில் நித்திரையிலேயே போய்விட்டார். ரீத்தா அக்கா வீட்டை விற்றுவிட்டு ஜெர்மனியில் தங்கையிடம் போனாள். மாதத்துக்கொருமுறை ஃபோன் எடுப்பாள். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. குரலும் சரியாகக் கேட்பதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன், அந்த வீட்டின் கீழ்ப்பகுதி விற்பனைக்கு என்று பலகை தொங்குவதை பஸ்ஸிலிருந்து கண்டேன். வாங்குகிறவள்போல நேரம் கேட்டுப் போனேன். இளம் ஏஜண்ட் பையன், மினுங்கும் சப்பாத்து. எங்கள் அறையின் சுவரை வெள்ளைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். தட்டினேன்; வெறுமையாகச் சத்தம் வந்தது. அதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் தேடியது கீழ்வீட்டையும் மேல்வீட்டையும் சேர்த்த படியடிக் கதவை. நாங்கள் கோடையில் கீழே இறங்கி வந்த பிறகும் ரீத்தா அக்கா அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. சாத்தினால் பிள்ளையின் சத்தம் கேட்காது என்பாள். ஹவுன்ஸ்லோ போகும் நாள்வரை இரண்டு வீடும் ஒரே வீடாகத்தான் இருந்தன. மகள் படியேறப் பழகியதே அந்தப் படிகளில்தான்.

கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. எங்கே கதவு முடிந்தது, எங்கே சுவர் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி பூசியிருந்தார்கள்.

"இங்கே முந்தி ஒரு கதவு இருந்ததா?" என்று அவனைக் கேட்டேன்.

அவன் கையிலிருந்த வீட்டு வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தான். "இல்லையே. இவை எப்போதும் இரண்டு தனி வீடுகள்தான்" என்றான்.